பண்டாரவன்னியனும் அவன் நினைவுநாட்களும்

ஆண்டு நிறைவைக் கொண்டாட விரும்பும் கல்லூரிக்குப் பந்தலுந் தோரணமும் வேண்டப்படுதற்கு முன்னர் ஒரு பழைய இடாப்பு வேண்டப்படும். முதல் மாணவன் எந்த நாளிற் சேர்ந்தான், முதற் கூட்டம் எந்த நாளிற் கூடிற்று என்பவற்றைச் சொல்லும் ஏடு கையில் இல்லையெனின், எத்தனையாம் ஆண்டு விழாவை எடுக்கின்றோம் என்பதே ஐயத்துக்கு இடமாகிவிடும். கல்லூரிக்கு ஒத்த இந்நியாயம் நாட்டுக்கும் ஒக்கும். நாட்டவர் கொண்டாடும் ஒவ்வொரு திருநாளின் பின்னும் யாரோ ஒருவர் எழுதிவைத்த தாளொன்று மறைந்து கிடக்கின்றது. அத்தாளை எழுதியவர் யார், அவர் யார் பக்கத்தினின்று எழுதினார் என்று வினாவுதல் கற்றோர் கடன்.

இவ்விழா மலரிலே வன்னிநாட்டு வீரனாகிய பண்டாரவன்னியனின் வாழ்வை எழுத எடுத்துக்கொண்டமைக்கும் அதுவே காரணம். நம் கல்லூரியிற் பயின்று வெளியேறியோருள் நெடுங்கேணியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் பிறந்தோர் பலர். அவர்களுக்குப் பண்டாரவன்னியன் என்னும் பெயர் தாய்ப்பாலோடு ஊட்டப்பட்ட பெயர். அவன் நினைவாக நம்மவர் இரு நாட்களைப் போற்றுகின்றனர். ஓகஸ்ட் 25ஆந் திகதியை வெற்றிநாள் என்பர். ஒக்டோபர் 31ஆந் திகதியை நினைவுநாள் என்பர். இரண்டும் 1803ஆம் ஆண்டுக்குரியவை. இவ்விரு நாட்களையும் நமக்குத் தந்தவர் யார் என்பதை அவன் வாழ்வோடு சேர்த்து ஆராய்வதே நாம் மேற்கொண்ட பணி.

அடங்காப்பற்று

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தெற்கே, நுவரகலாவியாவுக்கு வடக்கே, மன்னார்க் கடலுக்கும் முல்லைத்தீவுக் கடலுக்கும் நடுவே பரந்து கிடக்கும் காட்டுநிலம் வன்னி. குளமும் வயலும், காடுங் களனியும், யானையும் மானும் நிறைந்த அந்நாட்டுக்கு அடங்காப்பற்று என்றொரு பெயரும் உண்டு. பனங்காமம், மேல்பற்று, முள்ளியவளை, கருநாவற்பற்று, கரிக்கட்டுமூலை, தென்னமரவாடி என்று பல பற்றுக்களாக அது பிரிந்திருந்தது. ஒவ்வொரு பற்றையும் வன்னியர் என்னும் தலைவர்கள் ஆண்டுவந்தனர். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளுக்குத் திறை செலுத்தியபோதும், பின்னர்ப் பறங்கியருக்கும் ஒல்லாந்தருக்குந் திறை செலுத்தியபோதும், தம் எல்லைக்குள் அவர்கள் தாமே அரசர்.

வன்னியரின் வரவையுங் குடியேற்றத்தையுங் கூறும் தமிழ் நூல்கள் நம்மிடம் இல்லாமற் போகவில்லை. வையாபாடல் என்னுஞ் செய்யுணூல் அவர்களுடைய தோற்றத்தைப் பேசும். ஒல்லாந்தர் காலத்திலே மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலையும் அவர்களைக் குறிப்பிடும். ஆயினும் இந்நூல்கள் குலவரலாறு கூறுவன. நாளும் மாதமும் ஆண்டும் இட்டு நிகழ்ச்சிகளைப் பதிவன அல்ல. பண்டாரவன்னியனின் காலமோ இந்நூல்களுக்குப் பிற்பட்டது. ஆகவே நாட்கணக்கை நாடுவோர் வேறிடந் தேடவேண்டியவராகின்றனர்.

ஒல்லாந்தர் எழுதிய ஏடுகள்

1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பறங்கியரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர் வணிகக் கம்பனியார் ஆவர். வணிகர்க்குக் கணக்கே உயிர். யானை வன்னியின் பெருஞ்செல்வம். அதனைப் பிடித்து இந்திய வணிகருக்கு விற்றலால் வந்த இலாபம் பெரிது. வன்னியர் ஆண்டுதோறும் இத்தனை யானை தரவேண்டும் என்று கம்பனியார் விதித்தனர். வன்னியரோ அதனைக் குறைத்துங் காலந் தாழ்த்தியும் வந்தனர். 1697இல் யாழ்ப்பாணத்துக் கொம்மாந்தராகிய ஹென்றிக் சுவார்டெக்குறூன் தன் பின்னோருக்காக எழுதிவைத்த நினைவேட்டில், நிலுவையில் நின்ற யானைகளைப் பற்றிய முறைப்பாடு இடம்பெறுகின்றது. அந்த ஏடு 1911இலே சோபியா பீற்றர்ஸ் என்பாரால் ஆங்கிலத்திற் பெயர்க்கப்பட்டுக் கொழும்பில் அச்சாயிற்று.

இவ்வேடுகளைப் படிக்கும்போது நாம் ஒன்றை மறத்தலாகாது. அவற்றை எழுதியவன் வரிகேட்பவன், எழுதப்பட்டவர் வரிகொடாதவர். அவன் முறைப்பாடு என்று எழுதியதை நாம் உரிமை என்று படிக்கலாம். யானைக்கணக்கிலே பற்றாக்குறை என்று அவன் குறித்த ஒவ்வோர் எண்ணும் அடங்காப்பற்றின் அடங்காமைக்குச் சான்றாகும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒல்லாந்தர் பொறுமை இழந்தனர். 1782ஐ அடுத்த ஆண்டுகளிற் படைகொண்டு வன்னியை ஒடுக்கத் துணிந்தனர். அப்போரிலே அவர்கள் கண்ட எதிர்ப்பு மிகக் கடுமையாயிருந்தது என்று பிற்கால ஆங்கில நூலாசிரியர் எழுதினர். வன்னிச்சி மரியா செம்பாத்தை என்னும் பெண்தலைவி பிடிபட்டுக் கொழும்புக் கோட்டையிற் சிறைவைக்கப்பட்டார் என்றும் அந்நூல்கள் கூறும். வன்னியரின் ஆட்சி நீக்கப்பட்டு, முல்லைத்தீவிலிருந்து ஒல்லாந்த அதிகாரி ஒருவர் நாட்டை நேரே நிர்வகிக்கலானார். அவ்வாறு நிர்வகித்த தோமஸ் நாகல் என்பவர் 1793இல் வன்னியைப் பற்றி விரிவான குறிப்பொன்று எழுதினார். தலைவர்கள் நாடிழந்து காட்டுக்குங் கண்டிநாட்டுக்கும் ஒதுங்கிய காலம் அது. பண்டாரவன்னியன் இளைஞனாய் வளர்ந்ததும் இக்காலத்தையொட்டியே ஆதல் வேண்டும். அவன் பிறந்த நாளை எந்தக் கம்பனிக் கணக்கனும் எழுதினானல்லன். திறைகொடாத குடியிற் பிறந்த பிள்ளைக்குத் திறைகேட்போன் ஏட்டில் இடமேது?

ஆங்கிலேயர் வருகை

1795இல் ஆங்கிலேயர் திருக்கோணமலையையும் யாழ்ப்பாணத்தையுங் கைக்கொண்டனர். 1796 பெப்ருவரியிற் கொழும்பு அவர்கள் வசமாயிற்று. சென்னையிலிருந்த கிழக்கிந்தியக் கம்பனியின் வரிமுறைகள் இங்குப் புகுத்தப்பட்டமையால் 1797இற் பல பகுதிகளிற் கலகம் மூண்டது. 1798இல் பிரெடெரிக் நோர்த் தேசாதிபதியாய் வந்தார். 1802இலே கரைநாடுகள் முடிக்குரிய குடியேற்றநாடாயின. அதே ஆண்டு மார்ச்சு 15ஆந் திகதி அரசாங்கத்தின் கசெற்று முதன்முறை வெளிவந்தது. அதன்பின் இந்நாட்டிலே அரசு செய்யுங் காரியங்கள் அச்சேறித் திகதியோடு நிலைக்கலாயின. போர்களும் அவற்றுள் அடங்கும்.

நாடிழந்த வன்னியர் ஒல்லாந்தர் வீழ்ச்சியைத் தம் எழுச்சிக்குரிய வாய்ப்பாகக் கண்டனர். கண்டியிலே ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1798 முதல் அரசு செலுத்தினான். 1803ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் கண்டிமேற் படையெடுத்துத் தலைநகரிற் புகுந்து, முத்துசாமி என்பானை அரசனாக்கினர். ஆனால் காய்ச்சலும் பட்டினியும் அப்படையை உருக்கின. யூன் 24ஆந் திகதி கண்டியிலிருந்த காவற்படை சரணடைந்து, பின்னர்ப் பெரும்பாலும் அழிக்கப்பட்டது. அந்த வெற்றியின் ஊக்கத்தினாற் கண்டியர் ஆங்கிலேயரின் கரையோர நிலைகளை எல்லாத் திசைகளிலுந் தாக்கத் தொடங்கினர். வடக்கிலே அத்தாக்குதலின் கொடியை ஏந்தியவன் பண்டாரவன்னியன்.

அறுபத்தேழு நாட்கள்

1803 ஓகஸ்ட் 25ஆந் திகதி அவன் முல்லைத்தீவைத் தாக்கினான். அங்கிருந்த அரசாங்க மனை அவன் கையில் வீழ்ந்தது. சிறு தொகையினராயிருந்த ஆங்கிலக் காவற்படை கடல்வழியாக யாழ்ப்பாணஞ் சென்றது. பின்னர் அவன் படை வடபுலமெங்கும் பரவி ஆனையிறவுவரை சென்றது என்று எமெர்சன் தெனந்து 1859இல் வெளியிட்ட இலங்கை வரலாற்று நூலிற் கூறுகின்றார். குடாநாட்டின் வாயிலாகிய ஆனையிறவைத் தொடும்வரை சென்ற அப்படையெழுச்சி ஆங்கிலேயரைத் திடுக்குறச் செய்தது. நாடிழந்து காட்டில் ஒதுங்கிய ஒரு குடியின் தலைவன், ஐரோப்பிய வல்லரசொன்றின் நிலையை வெறுமையாக்கிச் சில கிழமைகள் வன்னியைத் தன்னதாக்கினான் என்பது சிறு செய்தியன்று.

ஆங்கிலேயர் மறுமொழி கூறக் காலந் தாழ்த்தினரல்லர். யாழ்ப்பாணம், மன்னார், திருக்கோணமலை ஆகிய மூன்று நிலைகளிலிருந்தும் படைகளை ஏவினர். மூன்று திசையினின்றும் வருவோரைக் காட்டின் நடுவே எதிர்த்து நிற்றல் எளிதன்று. ஒக்டோபர் 31ஆந் திகதி வைகறையில், ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவிலே, வொன் டிறிபேக் என்னும் படைத்தலைவனின் வீரர் வன்னியன் படையைத் திடீரெனத் தாக்கினர். வன்னியன் படை சிதறியது. ஓகஸ்ட் 25இலிருந்து ஒக்டோபர் 31வரை எண்ணின் அறுபத்தேழு நாட்களாகும். ஏடறிந்த அவன் பொதுவாழ்வின் பெரும்பகுதி இவ்வறுபத்தேழு நாட்களுள் அடங்கிவிடுகின்றது.

காக்கைவன்னியன் என்னும் உறவினன் காட்டிக்கொடுத்தான் என்பதும், அவன் நல்லநாச்சி என்னும் வன்னியனின் தங்கையை விரும்பி அடையாமையாற் பகைகொண்டான் என்பதும் நாடகங்களிலுங் கதைகளிலும் வழங்குவன. முல்லைமணி எழுதிய நாடகம் வன்னியெங்கும் மேடையேறி இளைஞர் உள்ளங்களிற் பண்டாரவன்னியனை உயிர்ப்பித்தது. தமிழகத்திலே மு. கருணாநிதி அவன் கதையை நாவலாக எழுதினார். நாடகத்துக்கு வஞ்சகன் ஒருவன் வேண்டும். மக்கள் உள்ளத்துக்கும் தம் தலைவன் வஞ்சனையாலன்றி வெல்லப்படான் என்னும் ஆறுதல் வேண்டும். அவ்வாறுதலைக் குறைகூறுதல் நம் நோக்கமன்று. எனினும் நாடகத்தை நாடகமாகவும் ஏட்டை ஏடாகவும் கொள்ளுதலே அறிவுடைமை. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் இரண்டுங் கெடும்.

கல் சொல்வதுஞ் சொல்லாததும்

கற்சிலைமடுவிலே ஆங்கிலேயர் பக்கத்தார் நினைவுக்கல் ஒன்றை நாட்டினர். இவ்விடத்தையொட்டி வொன் டிறிபேக் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என்பதும், அந்நாள் 1803 ஒக்டோபர் 31 என்பதுமே அக்கல் ஆங்கிலத்திற் கூறிய செய்தி. அதனை நாட்டியோர் தம் வெற்றியின் பெருமைக்காக நாட்டினர். ஆயினும் காலம் அவர்களை ஏமாற்றிற்று. வென்றவனின் பெயரை இன்று வன்னியில் அறிவார் மிகச் சிலர். தோற்றவனின் பெயரோ ஊரூராய் ஒலிக்கின்றது. பகைவன் தன் புகழுக்கென நட்ட கல்லே நம்மவர் நினைவுநாளுக்கு ஆதாரமாயிற்று. வவுனியா நகரிலே மாவட்டச் செயலகத்துக்கு அண்மையில் இன்று வன்னியனின் சிலை நிமிர்ந்து நிற்கின்றது.

இனி, அக்கல் சொல்லாததை ஆராய்வோம். ஒக்டோபர் 31ஐ நம்மவருட் பலர் வன்னியன் இறந்த நாளாகவே கருதி அஞ்சலி செலுத்துகின்றனர். கல்லோ தோல்வியைச் சொல்கின்றதேயன்றி இறப்பைச் சொல்லவில்லை. படைத்தலைவன் தன் பகைவனைக் கொன்றிருப்பின், கல்லை நாட்டியோர் அதனைப் பொறியாது விடுவரோ? தோற்கடித்தான் என்பதோடு நிறுத்திக்கொண்டமை, கொல்லவும் பிடிக்கவும் இயலவில்லை என்பதற்கே சான்றாகும் என்பது எம் துணிபு. வன்னியன் அப்போருக்குப் பின்னும் உயிரோடிருந்தான், கண்டிநாட்டெல்லையிலிருந்து மீண்டும் முயன்றான் என்று கொள்ளும் ஆராய்ச்சியாளர் உளர். 1811ஆம் ஆண்டையொட்டி உடையாவூரிற் காயமுற்றுப் பனங்காமத்தில் மாண்டான் என்று கூறுவோரும் உளர்.

அவன் காலத்து வீரர் சிலரோடு ஒப்பிட்டு நோக்கின் இதன் பொருள் விளங்கும். பாஞ்சாலங்குறிச்சி வீரபாண்டிய கட்டபொம்மன் 1799 ஒக்டோபர் 16இற் கயத்தாற்றிலே தூக்கிலிடப்பட்டான். சிவகங்கைச் சீமையின் மருதுபாண்டியர் 1801 ஒக்டோபர் 24இல் திருப்பத்தூரிலே தூக்கிலிடப்பட்டனர். 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் தலைவனாகிய கெப்பெட்டிப்பொல அவ்வாண்டு நவம்பர் 26இற் கண்டியிலே தலைவெட்டுண்டான். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815 பெப்ருவரி 18இற் பிடிபட்டு, வேலூரிற் சிறையிருந்து, 1832 ஜனவரி 30இல் மாண்டான். இவர்களின் இறுதிநாட்கள் ஐயமின்றித் தெரிகின்றன. எதனால்? அவர்கள் பிடிபட்டார்கள். பிடிபட்டவனுக்கு விசாரணையுண்டு, விசாரணைக்கு எழுத்துண்டு, எழுத்துக்குத் திகதியுண்டு. பண்டாரவன்னியனுக்கோ விசாரணையுமில்லை, தீர்ப்புமில்லை, தண்டனை நாளுமில்லை. அவனுடைய இறப்புநாள் ஆங்கிலேயர் ஏட்டிற் பளிச்சென்று எழுதப்படாமையை ஒரு குறையென்று வருந்துவோர் உளர். யாம் அதனை அவன் பெற்ற கடைசி வெற்றியெனவே கருதுகின்றோம். காடு அவனைத் தந்தது. காடே அவனை மறைத்துக்கொண்டது.

இவ்வாறு நோக்கின், ஒக்டோபர் 31 ஒரு தோல்வியின் நாள். ஓகஸ்ட் 25 ஒரு வெற்றியின் நாள். இரண்டையும் போற்றலாம். உலகில் தோல்வியின் நாளைப் போற்றும் இனங்கள் உண்டு. சேர்பியர் 1389இற் கொசோவோக் களத்திலே நேர்ந்த இழப்பின் நாளை ஆறு நூற்றாண்டுகட்கு மேலாக நினைவுகூர்கின்றனர். ஆனால் தோல்விநாளை இறந்தநாள் என்று பிழைபடச் சொல்லி மாலையிடுதல் தகாது. வீரனுக்குச் செய்யும் முதல் மரியாதை அவனைப் பற்றி மெய் பேசுதல்.

ஏடுகள் உறையும் இடங்கள்

மெய்யை அறிய விரும்பும் மாணவன் எங்குச் செல்வான்? கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் ஒல்லாந்தர் விட்டுச்சென்ற ஆயிரக்கணக்கான ஏட்டுத்தொகுதிகள் பேணப்படுகின்றன. இலங்கை, இந்தியா, இந்தோனேசியா, தென்னாபிரிக்கா, நெதர்லாந்து ஆகிய நாடுகளிலுள்ள ஒல்லாந்தக் கம்பனி ஏடுகளை 2003இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது. முல்லைத்தீவுத் தாக்குதலின் இருநூறாம் ஆண்டும் அதுவே என்பதை எண்ணி வியக்கின்றோம். ஆங்கிலக் காலத்துக்கு, அரசாங்கக் கசெற்றின் தொடக்ககால இதழ்களைப் புரட்டவேண்டும். அக்காலத்திற் கொழும்பிலே குருவாயிருந்த ஜேம்ஸ் கோர்டினர் 1807இல் வெளியிட்ட நூலிற் கண்டிப்போரைப் பற்றி எழுதியுள்ளார். தெனந்தின் நூலை முன்னரே குறித்தோம். இவையனைத்தினும் வன்னிக்கு இன்றியமையாதது சிவில் உத்தியோகத்தராகிய ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைந்நூல். வரி, குளம், சாதி, வழக்கம், வரலாறு ஆகியவற்றையெல்லாம் அதில் அவர் தொகுத்துவைத்தார்.

இப்பட்டியலை உற்றுநோக்குக. சுவார்டெக்குறூன், நாகல், கோர்டினர், தெனந்து, லூயிஸ்: இவருள் ஒருவரேனும் வன்னியிற் பிறந்தவரல்லர். நம் வீரனை எதிர்த்தவரும் எதிர்த்தவரின் வழிவந்தவரும் எழுதியவற்றைக்கொண்டே நாம் அவனை அறிகின்றோம். வன்னியர் தரப்பிலிருந்து எழுந்த திகதியிட்ட ஏடொன்று அப்போர் பற்றி நம் கையில் இல்லை. அவர்கள் எழுதாமலிருந்தனரோ, எழுதியவை காட்டிலுங் கறையானிலும் அழிந்தனவோ, விளைவு ஒன்றே. எழுத்தை இழந்தவன் தன் திருநாளையும் பிறனிடத்து இரந்து பெறவேண்டியவனாகின்றான்.

இவ்விழப்பு பழங்காலத்தோடு நின்றதுமன்று. 1981 மே 31ஆந் திகதி இரவு யாழ்ப்பாணப் பொதுநூல்நிலையம் தீக்கிரையாயிற்று. ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. 1933இல் தனியொருவர் வீட்டில் தொடங்கிய சிறு வாசிகசாலை, ஊர்கூடி வளர்த்த பெருநூல்நிலையமாயிருந்தது, ஓரிரவில் அழிந்தது. பின்னர் வந்த போராண்டுகளில் நெடுங்கேணி மக்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தனர். சென்ற இடமெங்குங் காணி உறுதியையும் பிறப்புச் சாட்சிப்பத்திரத்தையும் பையிற் சுமந்தனர். பாடசாலை இடாப்புக்களையும் கோயிற் கணக்குக்களையும் கூத்துக் கொப்பிகளையும் சுமக்க எவராலும் இயலவில்லை. ஓலைக்கூரையோடு அவையும் போயின. வன்னியன் காலத்துக்கு நேர்ந்ததே நம் காலத்துக்கும் நேர்ந்தது.

எனினும் முழுதும் இருளன்று. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் விழா மலர்களையும் படியெடுத்து எவரும் இலவசமாய்ப் படிக்கும்படி வைத்துள்ளது. கல்லூரி மலர்கள் இன்று எரிந்தாலும் அழியாவண்ணம் ஒருபடி வேறிடத்தில் வாழ வழி பிறந்துள்ளது. நம் மலரும் அங்கே சென்று சேர்தல் வேண்டும்.

நாம் செய்யத்தக்கது

நினைவுநாள் என்றால் மாலை, ஊர்வலம், மேடை, பேச்சு என்ற அளவில் நாம் நின்றுவிடுகின்றோம். மாலை மறுநாள் வாடும். பேச்சுக் காற்றிற் கலக்கும். அவற்றை விலக்கச் சொல்லவில்லை; அவற்றோடு நூல்நிலையத்தின் கதவையும் திறக்கவேண்டும் என்கின்றோம்.

ஓகஸ்ட் 25ஆந் திகதியிலே கல்லூரி நூல்நிலையத்தின் நடுவே நீண்ட மேசையொன்றை இடுக. ஒருபுறம் வன்னியின் படத்தை விரித்து, முல்லைத்தீவு, ஒட்டுசுட்டான், கற்சிலைமடு, பனங்காமம், ஆனையிறவு ஆகிய இடங்களை மாணவரே குறிக்கச் செய்க. அடுத்துச் சுவார்டெக்குறூனின் ஏட்டிலிருந்து யானைத்திறை பற்றிய பக்கத்தின் படி. அதனையடுத்துத் தெனந்தின் பக்கம். அதனையடுத்து லூயிஸின் பக்கம். ஒவ்வொன்றின் அருகிலும் அதன் பொருளை எளிய தமிழில் எழுதி, எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், நிகழ்ச்சி நடந்து எத்தனை ஆண்டின் பின் எழுதினார் என்ற மூன்று வினாவுக்கும் விடை எழுதிவைக்க. ஒக்டோபர் 31இலே கற்சிலைமடுக் கல்லின் ஒளிப்படத்தை வைத்து, அது சொல்வதையுஞ் சொல்லாததையும் மாணவர் விவாதிக்கச் செய்க. இதற்குப் பெரும் பணமொன்றும் வேண்டியதில்லை. நான்கு படிகளும் ஒரு மேசையும், படித்துக்காட்ட ஓர் ஆசிரியருமே போதும். ஒருநாட் பொழுதில் மாணவன் பெறும் பயிற்சி, கேட்டதை நம்பாது கண்டதை ஆராயும் பழக்கம், வாணாள் முழுதும் அவனுக்குத் துணையாகும்.

இரண்டாவது பணி இதனினும் அவசரமானது. நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், முள்ளியவளைப் பக்கத்து முதியோர் பலரிடம் இன்னுங் கூத்துப்பாட்டுக்கள் வாய்ப்பாடமாய் உள்ளன. எந்தக் குளத்தை யார் கட்டினார், எந்தக் கோயிலுக்கு எந்தக் குடி எந்நாட் பொங்கலிட்டது, எந்த மரத்தடியில் வன்னியன் படை தங்கியதாகச் சொல்வர் என்பன அவர்கள் நினைவில் உள்ளன. அவையெல்லாம் வரலாறென்று நாம் சாதிக்கவில்லை. ஆனால் எழுதிவைத்தாலன்றோ அவற்றுள் வரலாறு எது, கற்பனை எது என்று பின்னோர் தெரிந்தெடுப்பர்? விடுமுறையில் ஊர்செல்லும் ஒவ்வொரு மாணவனும் ஒரு கொப்பியோடு சென்று, பாட்டனாரிடங் கேட்டு, சொன்னவர் பெயரும் ஊரும் சொன்ன திகதியும் இட்டு எழுதி வருவானாக. அக்கொப்பிகளைக் கட்டி நூல்நிலையத்தில் வைப்போமாக. நூறாண்டு கழித்து வன்னியைப்பற்றி எழுதப் புகுவோன் கோர்டினரையுந் தெனந்தையும் மட்டும் நம்பியிருக்க நேராது.

மூன்றாவது பணி பழைய மாணவராகிய நம்முடையது. வீட்டுப் பரணிலே கிடக்கும் பழைய மலர்கள், வகுப்புப் படங்கள், பரிசுப் பத்திரங்கள், ஆசிரியர் கடிதங்கள் ஆகியவற்றைக் கல்லூரிக்கு ஒப்படைப்போம். கொடுக்க மனமில்லையாயின் படியெடுக்கவேனும் இசைவோம். இடம்பெயர்வில் அழிந்த இடாப்பின் ஒரு பக்கம் கனடாவிலோ இங்கிலாந்திலோ வாழும் ஒருவரின் பெட்டிக்குள் இருத்தல் கூடும். அந்த ஒரு பக்கமே ஒரு வகுப்பின் வரலாற்றை மீட்டுத்தரும்.

பண்டாரவன்னியன் நமக்கு விட்டுச்சென்றது ஒரு கோட்டையுமன்று, ஒரு கல்வெட்டுமன்று. ஒரு பெயரும் இரு நாட்களுமே. அந்நாட்களையும் பிறர் எழுதித் தந்தனர். இனிவரும் நாட்களையேனும் நம் கையால் நாமே எழுதுவோமாயின், அடங்காப்பற்றின் பெயர் பொருளுடையதாகும். வன்னிவீரன் புகழ் ஓங்குக. அவன் வரலாற்றை ஆராயும் மாணவர் குலந் தழைக்க.